இரண்டரை அடி அகலத்தில் ஒரு கடல்

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் தொட்டியைப் பார்த்ததும் "எத்தனை அடி?" என்று கேட்பார்கள். "நாலு" என்பேன். சிங்கப்பூரில் நாலடித் தொட்டி என்ன அதிசயமா? அரோவானா வளர்க்கும் அங்கிள்கள் பலரிடமும் இருக்கிற அளவுதான். தலையாட்டிவிட்டு சோபாவை நோக்கி நடப்பார்கள். தொட்டியின் பக்கவாட்டைக் கடக்கும்போது கால் நின்றுவிடும். "இது ஏன் இப்படி..." என்று இரண்டு கைகளையும் முன்னும் பின்னும் விரித்துக் காட்டுவார்கள். அந்த நொடிக்குத்தான் நான் காத்திருப்பேன்.

அந்தக் கைகள் காட்டும் தூரத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் இடையிலுள்ள தூரம். கடைக்காரர்கள் கடைசியாகச் சொல்லும் அளவு, வாங்குகிறவர்கள் கேட்கவே கேட்காத அளவு. என் தொட்டியில் அது இரண்டரை அடி. நீளம் 4 அடி, உயரம் 20 அங்குலம். பவளம் வளர்க்க இதைவிட நல்ல அளவு இருக்கிறது என்று யாராவது வாதாட நினைத்தால் தாராளமாக வரலாம். தே தாரேக் போட்டுத் தருகிறேன், விடிய விடியப் பேசலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்காவில் 55 கேலன் தொட்டி என்று ஒன்று காலங்காலமாக விற்பனையாகிறது. 48 அங்குல நீளம், 21 அங்குல உயரம், முன்பின் அகலம் வெறும் 13. நம் பக்கத்துக் கடைகளிலும் சுவரோடு ஒட்டி வைக்கிற இந்த மாதிரி ஒல்லித் தொட்டிகள் உண்டு. நன்னீர் மீனுக்கு அது போதும். பவளத்துக்கு வருவோம். பாறைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஐந்து அங்குலமாவது விட்டாக வேண்டும். பாசி சுரண்டும் காந்தம் போய்வர வேண்டும், பவளம் வளர்ந்து கண்ணாடியில் இடிக்காமலும் இருக்க வேண்டும். முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து. பதின்மூன்றில் பத்துப் போனால் பாறைக்கு மிச்சம் மூன்று அங்குலம்! கண்ணாடித் தடிமனைக் கழித்தால் அதுவும் தேறாது. வேறு வழியில்லாமல் பின் கண்ணாடியில் சாய்த்து, புத்தக அலமாரி மாதிரி தட்டுத் தட்டாக அடுக்கிவிடுகிறார்கள். பாறைக்குப் பின்னால் தண்ணீர் அசையாது, கசடு அங்கேயே தங்கும், பவளங்கள் எல்லாம் ஒரே வரிசையில் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

அதே அமெரிக்க வரிசையில் 75 கேலன் தொட்டி ஒன்று உண்டு. நீளமும் உயரமும் 55-ஐப் போலவே 48, 21. அகலம் மட்டும் 18. கூடுதலாகக் கிடைத்தது ஐந்தே அங்குலம்தான், ஆனால் பாறைக்கான இடம் மூன்றிலிருந்து எட்டுக்குத் தாவிவிட்டது. பவளக்காரர்கள் அந்தத் தொட்டியை ஏன் அப்படிக் கொண்டாடினார்கள் என்பதற்கு இந்த ஒரு கழித்தல் கணக்கே போதும். இப்போது என் முப்பது அங்குலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் ஐந்தைந்து விட்ட பிறகும் இருபது அங்குலம் எனக்கே எனக்கு!

இருபது அங்குலத்தில் என்னென்ன செய்யலாம் தெரியுமா? சுவர் எழுப்ப வேண்டியதில்லை. தீவு கட்டலாம். என் தொட்டியில் இரண்டு தீவுகள். இடப்பக்கம் பெரியது, வலப்பக்கம் சின்னது, நடுவே மணல் பள்ளத்தாக்கு ஒன்று குறுக்காக வளைந்து போகிறது. பெரிய தீவில் ஒரு குகை, அதன் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை நாக்கில் மாண்டிபோரா தட்டு ஒன்று விரிந்திருக்கிறது. சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்தால் அது ஒரு மலைமுகடு. சோபாவிலிருந்து பார்த்தால் அதே பாறை பின்னணிக்குப் போய்விடும், சின்னத் தீவின் ஹேமர் பவளங்கள் முன்னால் வந்து ஆடும். ஒரே தொட்டி, இரண்டு காட்சி. ஒல்லித் தொட்டியில் இந்த விளையாட்டு நடக்கவே நடக்காது.

பவளப் பாறையை வீட்டுக்குள் உயிரோடு வைக்கலாம் என்பதை உலகத்துக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் நம் அண்டை வீட்டுக்காரர் என்பது எனக்குப் பெருமை. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங். உயிருள்ள கடற்பாறை, காற்றுக்குமிழி, நல்ல வெளிச்சம், அவ்வளவுதான் அவர் முறை. 1961-ல் அமெரிக்காவின் 'டிராபிகல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்' இதழில் அதை எழுதினார். வடிகட்டும் வேலையைப் பாறையில் வாழும் நுண்ணுயிர்களே பார்த்துக்கொள்ளும் என்ற அந்த எண்ணம்தான் இன்றைக்கும் ஒவ்வொரு ரீஃப் தொட்டிக்கும் அடித்தளம். பாறைதான் வடிகட்டி என்றால் அதன் எல்லாப் பக்கமும் தண்ணீர் ஓட வேண்டாமா? ஓட வேண்டும் என்றால் பாறைக்குப் பின்னால் இடம் வேண்டாமா? சுற்றிச் சுற்றி அகலத்துக்கே வந்து நிற்கிறேன், பாருங்கள்.

"அகலம் கூடினால் கண்ணாடி தாங்குமா?" என்று கேட்பார்கள். இங்கேதான் இயற்பியல் நமக்குப் பரிசு தருகிறது. முன் கண்ணாடியைத் தண்ணீர் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பதைத் தீர்மானிப்பவை நீரின் உயரமும் அந்தக் கண்ணாடியின் நீளமும் மட்டுமே. பின்னால் ஒரு அடித் தண்ணீர் இருந்தாலும் ஒரு மைல் தண்ணீர் இருந்தாலும் முன் கண்ணாடிக்குத் தெரியாது! அகலம் அதற்கு இலவசம். உயரமோ வட்டிக்கு வட்டி வாங்கும். உயரம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். நாலடி நீளக் கண்ணாடியில் 24 அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் சுமார் 230 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 20 அங்குலம் என்றால் அது 160-க்குள் இறங்கிவிடும். நாலே அங்குலம் குறைத்ததில் முப்பது சதவீதம் பாரம் போயிற்று. அதனால்தான் என் தொட்டி 12 மில்லிமீட்டர் கண்ணாடியிலேயே, மேலே குறுக்குச் சட்டம் எதுவும் இல்லாமல், திறந்த வாயோடு நிற்கிறது. சட்டம் இல்லாததால் நிழலும் இல்லை.

உயரத்தின் விலை என்ன என்று பார்க்க ஆசைப்பட்டால் செந்தோசாவுக்குப் போங்கள். அங்கே பெரிய கடல் காட்சிக்கூடத்தின் முன்பலகை 36 மீட்டர் அகலம், 8.3 மீட்டர் உயரம். அக்ரிலிக்கின் தடிமன் 70 சென்டிமீட்டர். நானும் அங்கே தரையில் உட்கார்ந்து மந்தாத் திருக்கைகளை வாய் பிளந்து பார்ப்பவள்தான். வீட்டில் அப்படி ஒரு உயரத்துக்கு யாரும் ஆசைப்படப் போவதில்லை. ஆனால் இரண்டரை அடி உயரத் தொட்டிகளை வீட்டுக்கு வாங்குகிறவர்களைப் பார்த்தால் ஒரு கேள்வி கேட்பேன். உங்கள் கை எவ்வளவு நீளம்?

கேலிக்கல்ல. தொட்டியின் உயரத்தைத் தீர்மானிக்க வேண்டியது அக்குளிலிருந்து விரல்நுனி வரைக்கும் உள்ள நீளம். நான் குள்ளம். எனக்கு அது இரண்டடிகூட வராது. பவளத்தொட்டி என்பது கையை உள்ளே விடாத தொட்டி அல்ல. கவிழ்ந்த பவளத்தை நிமிர்த்த வேண்டும், ஒட்டுப்பசை வைத்து நட வேண்டும், நண்டு தள்ளிவிட்டதைத் தேட வேண்டும். 20 அங்குலத் தொட்டியில் முக்காலி ஒன்றின் மேல் ஏறி நின்றால் என் விரல்கள் மணலைத் தொடும், சட்டைக் கை நனையாது. அந்தச் சௌகரியத்தை வார்த்தையில் சொல்ல முடியாது. நீளமான இடுக்கி, குச்சி, கொக்கி எல்லாம் கடையில் கிடைக்கின்றன. வாங்கியும் வைத்திருக்கிறேன். ஆனால் டார்ச் பவளத்தின் எலும்புக்கூட்டை இரண்டு விரலால் பிடித்துச் சரியான பள்ளத்தில் உட்கார வைக்கும்போது 'டக்' என்று அது பொருந்துமே, அந்த உணர்வை எந்த இடுக்கி தரும்?

வெளிச்சத்துக்கு வருவோம். பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது, அந்தப் பாசிக்கு வெளிச்சம்தான் சோறு. தண்ணீரில் இறங்க இறங்க வெளிச்சம் குறைந்துகொண்டே போகும், விளக்கிலிருந்து தள்ளிப் போவதாலும் குறையும். எல்இடி வருவதற்கு முன்னால் மெட்டல் ஹாலைடு விளக்குகளை வைத்திருந்த மூத்தவர்களைக் கேளுங்கள். 20 அங்குலத் தொட்டிக்கு 250 வாட் போதும் என்பார்கள், இரண்டு அடியைத் தாண்டினால் 400 வாட் என்பார்கள். மின்கட்டணமும் சூடும் சேர்ந்து ஏறும். இப்போது எல்இடி காலம், ஆனாலும் கணக்கு மாறவில்லை. வெளிச்சத்தை அளக்கும் 'பார்' மீட்டரை இரவல் வாங்கி அளந்து பார்த்தேன். பாறை உச்சியில் 300 சொச்சம், மணலில் 100. உச்சியில் அக்ரோபோரா, நடுவே ஹேமர், கீழே காளான் பவளம் என்று மூன்று குடித்தனமும் ஒரே வெளிச்சத்தின் கீழ் சந்தோஷமாக இருக்கின்றன.

நம் சிங்கப்பூர்க் கடலே இதற்குச் சாட்சி. இவ்வளவு கப்பல் போகிற, இவ்வளவு மண் கொட்டி நிலம் மீட்ட இந்தச் சின்னக் கடலில் 250-க்கும் மேற்பட்ட கடினப் பவள இனங்கள் இருக்கின்றன என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். கலங்கல் தண்ணீர் என்பதால் வெளிச்சம் கீழே இறங்காது, பவளங்களும் முதல் சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே நெருக்கியடித்து வாழ்கின்றன. ஆழத்தை விட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கவாட்டில் பரவிக்கொண்டன! வழிகாட்டியோடு சிஸ்டர்ஸ் தீவுப் பக்கமோ புலாவ் ஹந்துப் பக்கமோ தாழ்நீர் நேரத்தில் போனவர்கள் கண்ணால் கண்டிருப்பார்கள். முழங்கால் அளவுத் தண்ணீருக்குக் கீழே கம்பளம் விரித்த மாதிரி கிடக்கும். அதைப் பார்த்து வந்த பிறகு நெட்டைத் தொட்டி எனக்கு அந்நியமாகத் தெரிகிறது.

தாழ்நீரில் நாம் பவளத்தை எங்கிருந்து பார்க்கிறோம்? மேலிருந்து. தொட்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை. பவளம் தன் முகத்தைச் சூரியனை நோக்கி வைத்திருக்கிறது, உங்கள் சோபாவை நோக்கி அல்ல. அதன் நிறம் முழுக்க மேல்பக்கத்தில்தான். என் தொட்டியின் தாங்கி 80 சென்டிமீட்டர் உயரம். அதன் மேல் தொட்டி நின்றால் விளிம்பு என் மோவாய்க்குக் கொஞ்சம் கீழே வரும். சாப்பாடு போடும் நேரத்தில் மோட்டார்களைப் பத்து நிமிடம் நிறுத்தும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்துவேன். அலை அடங்க அடங்க நீர்ப்பரப்பு தட்டையாகும். அப்போது எட்டிப் பார்க்க வேண்டும்! முன்னாலிருந்து பார்த்தால் பழுப்பு விளிம்பாகத் தெரிந்த மாக்சிமா சிப்பி, மேலிருந்து மயில்கழுத்து நீலத்தில் கறுப்புப் புள்ளிகளோடு வாய் திறந்து கிடக்கும். மாண்டிபோரா தட்டின் ஓரம் முழுக்க ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இருக்கும், அதுதான் புது வளர்ச்சி. வெள்ளைக்கு உள்ளே இளஞ்சிவப்பு, அதற்கும் உள்ளே வட்டம் வட்டமாகக் கருஞ்சிவப்பு, அதில் ஊசிமுனை அளவுக்குப் பச்சைப் பாலிப்புகள். டார்ச் பவளத்தின் ஒவ்வொரு விரலும் தங்க நிறம், நுனியில் ஊதா மொட்டு. நெட்டையாக, ஒல்லியாக இருக்கும் தொட்டியை மேலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? ஒரு பிளவு தெரியும். இரண்டரை அடிக்கு நாலடி என்றால் பத்துச் சதுர அடிக் கடல்!

அந்தப் பத்துச் சதுர அடிக்கு வேறொரு பயனும் உண்டு. தண்ணீர் மூச்சு விடுவது மேற்பரப்பு வழியாகத்தான். பரப்பு கூடினால் காற்றோடு கொடுக்கல் வாங்கலும் கூடுகிறது.

இனி நீரோட்டம். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் பைத்தியம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒல்லித் தொட்டியில் அலைமோட்டாரை எங்கே வைத்தாலும் அது யாரோ ஒரு பவளத்தின் முகத்தில் நேராக அறையும். சதை உரிந்து எலும்பு தெரியும் பவளங்களை அப்படித்தான் பார்க்க முடிகிறது. அகலமான தொட்டியில் நீர் விரிவதற்கு இடம் இருக்கிறது. என் மோட்டார் குறுகிய பக்கத்தின் மேல்முனையில் இருக்கிறது. அது தள்ளும் தண்ணீர் மேல்மட்டத்தில் நீளவாக்கில் போய், எதிர்க் கண்ணாடியில் மோதிக் கீழே இறங்கி, மணலைத் தடவிக்கொண்டு திரும்பி வருகிறது. தொட்டி முழுக்க ஒரே பெரிய சுழற்சி. தீவுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தாக்கில் அது குறுகி வேகம் பிடிப்பதை ஹேமர் பவளங்கள் ஆடுவதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். உணவைப் போட்டால் இறால் துணுக்கு ஒன்று முழுச் சுற்று சுற்றிவிட்டு என் முன்னால் வந்து நிற்கிறது!

மீன்களும் இதைத்தான் விரும்புகின்றன. நாலடிக்குள் நான் பெரிய டாங்குகளை வைப்பதில்லை, அவற்றுக்கு ஆறடி வேண்டும். டொமினி டாங்க் ஒன்று, அந்தியாஸ் சில, ஒரு கிளவுன் ஜோடி. சுவர் மாதிரிப் பாறை இருந்தால் மீன் இந்த முனைக்குப் போய் அந்த முனைக்குத் திரும்ப வேண்டும். தீவு என்றால் சுற்றலாம். டொமினி காலையில் விளக்கு எரிந்ததும் பெரிய தீவை வலம் வந்து, பள்ளத்தாக்கு வழியாகப் புகுந்து, சின்னத் தீவைச் சுற்றி எட்டுப் போடுகிறது. முடிவே இல்லாத பாதை.

பவளங்களின் சண்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அகலத்தின் அருமை ராத்திரியில்தான் புரியும். பகலில் சாதுவாகத் தெரியும் கலாக்சியா, இரவில் ஒரு அடி நீளத்துக்குக்கூட கொட்டும் இழைகளை நீட்டும். டார்ச் பவளமும் சும்மா இருக்காது, பக்கத்து வீட்டுக்காரரைத் தொட்டுச் சுட்டுவிடும். செடி மாதிரி நிற்கிறதே என்று நினைக்காதீர்கள். அவை இடத்துக்காகப் போர் செய்யும் விலங்குகள். ஆகவே நடும்போதே இடைவெளி விட்டு, நாளைக்கு வளர்ந்தால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு நட வேண்டும். நீளத்தில் மட்டும் இடைவெளி விட முடிந்தால் நாலடியில் நாலு பவளத்தோடு கதை முடிந்தது. முன்னும் பின்னும் இடம் இருந்தால் அதே நாலடியில் ஒரு ஊரையே குடிவைக்கலாம். விளக்கு அணைந்த பிறகு சிவப்புக் கைவிளக்கோடு நான் செய்யும் ரோந்தைப் பார்த்து வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு எடையைப் பற்றிப் பேசாமல் போனால் என் தம்பி என்னை மன்னிக்க மாட்டான். அவன் கட்டுமானப் பொறியாளர். வீட்டு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகிறது. என் தொட்டியில் கண்ணாடித் தடிமன், மேலே விட்ட இடைவெளி எல்லாம் போகச் சுமார் 400 லிட்டர் தண்ணீர். கண்ணாடி 90 கிலோ, பாறையும் மணலும் 60, தாங்கி 60, கீழே இருக்கும் சம்ப் தொட்டி 80. எல்லாம் சேர்ந்து 700-ஐத் தொடுகிறது, ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில். தொட்டிக்குச் சொல்வதற்கு முன்பே அவனைக் கூப்பிட்டேன். வந்தவன் தரையைப் பார்க்கவே இல்லை, கூரையைப் பார்த்தான்.

"அக்கா, மேல பாரு. ஹாலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவுல ஒரு பீம் ஓடுதுல்ல? அது மேல் வீட்டுத் தரையத் தாங்குது. உன் தரையத் தாங்குற பீம் இதே நேர்ல கீழ் வீட்டுக் கூரையில இருக்கு."

"அப்ப இதுக்கு நேர் கீழ வெச்சா?"

"அதத்தான் சொல்றேன். பீம் ஓடுற வாக்குலயே நீட்டமா வை. ஒரு முனை தூணத் தொடட்டும். ஜன்னல் பக்கம் நடுத்தரையில வைக்கிறேன்னு மட்டும் சொல்லாத. புளோக் வரைபடத்தப் பார்த்துட்டு முடிவு சொல்றேன், அதுவரைக்கும் கடைக்காரர்கிட்ட வாயத் தொறக்காத."

பார்த்துவிட்டுச் சரி என்றான். உங்கள் வீட்டுக்கு உங்கள் பொறியாளரைக் கேளுங்கள், என் தம்பியின் வார்த்தை என் வீட்டுக்கு மட்டும்தான் செல்லும். ஆனால் அவன் காட்டிய இன்னொரு கணக்கு எல்லாருக்கும் பொது. ஒரு சதுர அடித் தரை சுமக்கும் தண்ணீரின் எடை அதன் உயரத்தை மட்டுமே பொறுத்தது. 24 அங்குலம் என்றால் 58 கிலோ, 20 அங்குலம் என்றால் 48 கிலோ. அகலத்தைக் கூட்டினால் மொத்த எடை கூடும், சதுர அடிக்கான எடை கூடாது. அகலம் தரைக்கும் நல்லபிள்ளை!

இந்த பீம் ஏற்பாட்டில் எனக்கு வேறொரு லாட்டரியும் அடித்தது. தொட்டி சுவரோடு ஒட்டாமல் ஹாலின் நடுவே நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு குறுகிய பக்கம் தூணோடு, மற்ற மூன்று பக்கமும் திறப்பு. இரும்பு குறைந்த தெளிவுக் கண்ணாடி போட்டிருப்பதால் பச்சைச் சாயல் இல்லை. நீர் வழியும் பெட்டியைத் தூண் பக்கம் வெளியே பொருத்திவிட்டதால் உள்ளே ஒரு அங்குலமும் வீணாகவில்லை. இரண்டரை அடி அகலத்தில் பின்மூலையை எப்படி எட்டுவது என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. பின்மூலையே கிடையாது. நீளப் பக்கங்கள் இரண்டில் எதில் நின்றாலும் நடுமையம் பதினைந்து அங்குலம்தான்.

மின்தூக்கியில் ஏறுமா, கதவில் நுழையுமா என்ற கவலை எல்லாருக்கும் வரும். உயரம் 51 சென்டிமீட்டர்தான் என்பதால் தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து நேராக உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். இருந்தாலும் தொட்டிக்குச் சொல்வதற்கு முன்னால் அளந்துகொள்ளுங்கள்.

குறையே இல்லையா? இருக்கிறது. பரப்பு கூடினால் ஆவியாவதும் கூடும். நம் ஊர்ச் சூட்டில் ஒரு நாளைக்கு ஒரு சிறு வாளி நன்னீர் தானாக நிரப்பும் கருவி குடித்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் அதே ஆவியாதல்தான் தண்ணீரைக் குளிர்விக்கவும் செய்கிறது. இரண்டு சின்ன விசிறிகள் வைத்திருக்கிறேன். சில்லர் ஓடும் நேரம் நன்றாகக் குறைந்துவிட்டது. விளக்கும் இரண்டு வேண்டும், ஒரு பலகை இரண்டடிக்கு இரண்டடிதான் பரவும். முன்னும் பின்னும் மூன்று அங்குலம் மங்கலாக விழுகிறது. அங்கேதான் காளான் பவளங்களைக் குடிவைத்திருக்கிறேன், அவற்றுக்கு அதுதான் பிடிக்கும். திறந்த வாய் என்பதால் வலை மூடி கட்டாயம். ராஸ் மீன்கள் துள்ளுவதில் மன்னர்கள். வாரம் பத்துச் சதவீதம் நீர் மாற்ற 40 லிட்டர் கலக்க வேண்டும், ஒன்றரைக் கிலோ உப்பு போகும். இதே அளவு தண்ணீர் கொள்ளும் தொட்டி எதுவானாலும் ஏறக்குறைய இதே செலவுதான், அகலத்தின் மேல் பழி போடாதீர்கள்.

தூத்துக்குடியிலிருக்கும் சித்தி மகன் படங்களைப் பார்த்துவிட்டு "அக்கா, நானும் வைக்கிறேன், இங்க கடல் பக்கத்துலதானே இருக்கு" என்றான். வேண்டவே வேண்டாம் என்றேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கடினப் பவளங்கள் எல்லாம் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவில் அவை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். இங்கேயும் கண்டபடி வாங்கிவிட முடியாது. சைட்டிஸ் அனுமதியோடு இறக்குமதியானவை, பண்ணையில் வெட்டி வளர்த்தவை என்று பார்த்து வாங்குகிறேன். சிராங்கூன் நார்த் கடைகளில் "எந்த நாடு, பண்ணையா கடலா?" என்று கேட்டுக் கேட்டே எனக்குப் பெயர் வந்துவிட்டது. அவனுக்கு கிளவுன் மீன் ஜோடி ஒன்று போதும் என்று சொல்லி, இரண்டடிக்கு ஒன்றரை அடி அகலத்தில் தொட்டி வாங்க வைத்தேன். பவளம் இல்லாவிட்டாலும் அகலம் அகலம்தானே!

இப்போது பொங்கோலில் இருக்கும் என் நாத்தனாரின் முறை. "அண்ணி, மூணறை வீடு, சின்னதா ஒண்ணு போதும்" என்று ஆரம்பித்தவள், நாலடி நீளம், ஒரு அடி அகலம், இரண்டடி உயரத்தில் பழைய தொட்டி ஒன்று மலிவாக வருகிறது என்றாள். எட்டுக் கன அடி, 226 லிட்டர். உடனே மறித்தேன். மூன்றடி நீளம், இரண்டடி அகலம், 16 அங்குல உயரம் என்று தாளில் எழுதிக் காட்டினேன். பெருக்கிப் பார்த்தாள். அதே எட்டுக் கன அடி! தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வித்தியாசமில்லை, ஆனால் பரப்பு நாலு சதுர அடியிலிருந்து ஆறாகிவிட்டது. உயரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, விளக்கும் ஒன்றே போதும் போலிருக்கிறது. அட்டைப்பெட்டிகளை வெட்டி அதே அளவில் ஒன்று ஒட்டி ஹாலில் ஒரு வாரம் வைத்துப் பார் என்றேன். வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்காரருக்கு முன்பணமும் கொடுத்துவிட்டாள். என் தம்பி அடுத்த சனிக்கிழமை போய் அவள் வீட்டு பீம்களைப் பார்க்கப் போகிறான். தாங்கியின் உயரம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அவள் வீட்டுக்காரர் 90 சென்டிமீட்டர் என்கிறார். மேலிருந்து பார்க்க வேண்டாமா, 80-க்கு ஒரு இம்மிகூட மேலே போகக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன்.